நினைவகத்தில் சீரும் தளையும்

முன்னுரை

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் கேட்கும் வினாக்களுள் ஒன்று, பொருள் எதுவும் தராத அசைச்சொற்களைப் புலவர்கள் செய்யுளில் ஏன் பெய்தனர் என்பதாகும். கணிப்பொறியியல் பயிலும் மாணவரும் ஏறத்தாழ இதே வினாவை எழுப்புகின்றனர். ஆறு பைட்டு அளவே உள்ள தரவுக்குக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி பன்னிரண்டு பைட்டு இடத்தை ஒதுக்குவது ஏன்? எஞ்சிய ஆறும் வீணல்லவா? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. ஒன்று நிற்கும் இடமும் அதன் எல்லையும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருந்தால்தான் அடுத்தது தன் இடத்தில் பிசகாமல் வந்து அமையும் என்பதே அவ்விடை.

தொகுப்பியானது தரவுகளை நினைவகத்திலும், ஸ்டாக் எனப்படும் அடுக்கிலும் எவ்வாறு அமைக்கின்றது என்பதை விளக்குவதும், அவ்வமைப்பு தமிழெழுத்தைப் பொறுத்தவரை எங்கே போதாமல் நின்றுவிடுகின்றது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலத்தில் அலைன்மென்ட் எனப்படுவதை இங்குச் சீரமைவு எனக் குறிப்போம். சீர் என்னும் சொல்லுக்குச் செய்யுளுறுப்பு என்ற பொருளும் ஒழுங்கு என்ற பொருளும் உண்டு. இரண்டும் இங்குப் பொருந்துவனவே.

நினைவகமும் முகவரியும்

கணிப்பொறியின் நினைவகம் ஒரு நீண்ட தெருவைப் போன்றது. தெருவின் ஒவ்வொரு வீடும் ஒரு பைட்டு. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, 3 என வரிசையாகக் கதவிலக்கம் உண்டு. இக்கதவிலக்கமே முகவரி எனப்படும். ஓர் எழுத்துக்குறி ஒரு வீட்டில் அடங்கிவிடலாம். சி மொழியில் இன்ட் எனப்படும் முழுவெண் இன்றைய பெரும்பாலான கணிப்பொறிகளில் நான்கு வீடுகளையும், டபுள் எனப்படும் பின்னவெண் எட்டு வீடுகளையும் பிடிக்கும்.

செயலி ஒவ்வொரு வீடாகச் சென்று கதவைத் தட்டுவதில்லை. பல வீடுகளை ஒரு தொகுதியாகக் கொண்டு ஒரே முறையில் எடுத்துச் செல்கின்றது. விளக்கத்தின் பொருட்டு, தொகுதிக்கு எட்டு வீடுகள் எனக் கொள்வோம். 0 முதல் 7 வரை ஒரு தொகுதி. 8 முதல் 15 வரை அடுத்த தொகுதி. தொகுதியின் தொடக்கம் நிலையானது. 3 முதல் 10 வரை எடுத்துத் தா என்று அதனிடம் கேட்க இயலாது.

காஞ்சிபுரத்துத் தறிகளைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பொறியமைப்பின் வழிவந்த பெட்டிகளே இங்குச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் உருவங்களை எழுப்பி வந்துள்ளன. துளையிட்ட அட்டையில் ஒரு துளை எந்த இடத்தில் உள்ளதோ, அந்த இடத்திற்குரிய பாவு இழையே மேலெழும். துளையின் பொருள் அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அட்டை ஓர் இழை அளவு நகர்ந்துவிட்டால் துளைகளின் எண்ணிக்கை குறைவதில்லை. ஆயினும் மயிலுக்குரிய கழுத்து வேறிடத்தில் தோன்றும். நினைவகத்திலும் இடமே பொருளைத் தீர்மானிக்கின்றது.

சீரமைவு என்பது யாது?

நான்கு பைட்டு எண் ஒன்றை 6-ஆம் முகவரியில் வைப்பதாகக் கொள்வோம். அது 6, 7, 8, 9 ஆகிய நான்கு வீடுகளில் அமரும். முதல் இரண்டு ஒரு தொகுதியிலும் பின் இரண்டு அடுத்த தொகுதியிலும் கிடக்கும். அவ்வெண்ணைப் பெறுவதற்குச் செயலி இரு தொகுதிகளையும் எடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை ஒட்ட வேண்டும். அதே எண் 4-ஆம் முகவரியிலோ 8-ஆம் முகவரியிலோ அமர்ந்திருந்தால் ஒரே முறையில் கிடைத்துவிடும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. இரண்டு பைட்டு எண் 2-ஆல் வகுபடும் முகவரியிலும், நான்கு பைட்டு எண் 4-ஆல் வகுபடும் முகவரியிலும், எட்டு பைட்டு எண் 8-ஆல் வகுபடும் முகவரியிலும் தொடங்க வேண்டும். இதுவே இயல்பான சீரமைவு. ஒரு பைட்டுத் தரவுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அது எங்கும் அமரலாம். இந்தச் சிறு விலக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தமிழெழுத்தைப் பற்றிப் பேசும்போது அதன் விளைவு தெரியவரும்.

பொறிகளின் வழக்கு

இவ்விதியை எல்லாப் பொறிகளும் ஒரே கண்டிப்புடன் கடைப்பிடிப்பதில்லை. 1964-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணிப்பொறிகளில் எண்கள் தமக்குரிய எல்லையில் இல்லையேல் நிரல் இடைநிறுத்தப்பட்டது. அதன் பின்வந்த சிஸ்டம்/370 வரிசையில் பெரும்பாலான கட்டளைகளுக்கு இக்கண்டிப்பு தளர்த்தப்பட்டது; ஆயினும் எல்லை தவறிய தரவு காலத்தாழ்வை உண்டாக்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் நிறுவப்பட்ட கணிப்பொறி இந்த 370 வரிசையைச் சேர்ந்ததே.

இன்று அதே கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகின்றன. 2018-இல் சக்தி வரிசைச் சில்லில் லினக்ஸ் இயங்கிக் காட்டப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் வரையறை, எல்லை தவறிய அணுகலைச் செயலியே கையாளலாம் என்றும், பிழையாக அறிவித்து மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்றும் இடமளிக்கின்றது. எனவே ஒரு பொறியில் பிழையின்றி ஓடிய நிரல் வேறொரு பொறியில் மெல்ல ஓடலாம்; முற்றிலும் நின்றும் போகலாம். இச்சுமையை நிரலாளர் ஒவ்வொருவரும் தாங்க வேண்டியதில்லை. தொகுப்பி அதனைத் தானே ஏற்றுக்கொள்கின்றது.

தொகுப்பி இடும் நிரப்பிடம்

ஒரு மாணவரின் பதிவேட்டில் மூன்று செய்திகள் உள்ளன எனக் கொள்வோம். வகுப்புப் பிரிவைக் காட்டும் குறி ஒரு பைட்டு. மொத்த மதிப்பெண் நான்கு பைட்டு. தரத்தைக் காட்டும் குறி ஒரு பைட்டு. கூட்டினால் ஆறு. ஆனால் இதே வரிசையில் சி மொழியில் ஸ்டிரக்ட் எனப்படும் கட்டமைப்பாக அறிவித்து, சைஸ்ஆஃப் என்னும் செயற்குறியால் அளந்து பார்த்தால் பன்னிரண்டு என விடை வரும்.

கணக்கு இதுதான். பிரிவுக்குறி 0-இல் அமர்கின்றது. மதிப்பெண் 1-இல் தொடங்க இயலாது. 4-இல்தான் தொடங்க வேண்டும். எனவே 1, 2, 3 ஆகிய மூன்றும் வெற்றிடமாக விடப்படுகின்றன. மதிப்பெண் 4 முதல் 7 வரை. தரக்குறி 8-இல். இத்துடன் ஒன்பது பைட்டு. அதன் பின்னும் மூன்று வெற்றிடங்கள் ஏன்? மாணவர் ஒருவர் அல்லர். அவர்களின் பதிவுகள் அடுத்தடுத்து வரிசையாக நிற்கப் போகின்றன. இரண்டாம் மாணவரின் பதிவு 9-இல் தொடங்கினால் அவருடைய மதிப்பெண் எல்லை தவறிவிடும். 12-இல் தொடங்கினால் அனைவர்க்கும் சீரமைவு காக்கப்படும். தனக்குப் பின் வருபவருக்காக விடப்படும் இடம் அது.

இந்த வெற்றிடங்களைப் பேடிங் என்பர். நாம் நிரப்பிடம் எனலாம். இங்கே நம் இலக்கண மரபை எண்ணாமல் இருக்க இயலாது. தொல்காப்பியர் இடையியலில் பொருளுணர்த்தும் இடைச்சொற்களோடு அசைநிலைக்கும் இசைநிறைக்கும் இடமளிக்கின்றார். செய்யுளில் ஓசை குறையுமிடத்து நெட்டெழுத்து தன் இனக் குற்றெழுத்தைத் துணையாகப் பெற்று அளபெடுக்கின்றது. பொருள் கூடுவதில்லை, சீர் நிறைகின்றது.

எனினும் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். புலவர் நிரப்பும் இடத்தில் ஓசை உண்டு. தொகுப்பி விடும் இடத்திலோ எது இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முன்பு அவ்விடத்தைப் பயன்படுத்திய வேறொரு செயலின் எச்சம் அங்குக் கிடக்கலாம். கட்டமைப்பை முழுவதுமாகக் கோப்பிலோ வலையமைப்பிலோ அனுப்பினால் அந்த எச்சமும் உடன் செல்லும். மறைக்க வேண்டிய செய்தி நிரப்பிடத்தின் வழியே கசிய வாய்ப்புண்டு. எனவே அனுப்புமுன் அவ்விடத்தைச் சுழியத்தால் துடைப்பது நல்லோர் வழக்கு.

இனி, வரிசையை மாற்றிப் பார்ப்போம். மதிப்பெண்ணை முதலில் வைத்து, இரு குறிகளையும் பின்னர் வைத்தால் 4+1+1=6; இறுதியில் இரண்டே நிரப்பிடங்கள்; மொத்தம் எட்டு. பத்து இலட்சம் பதிவுகளுக்கு முன்னைய வரிசை 1,20,00,000 பைட்டு கேட்கும். பின்னையது 80,00,000 பைட்டுடன் அமையும். செய்தி ஒன்றும் குறையவில்லை; மாறியது வரிசை மட்டுமே. சி மொழித் தொகுப்பிக்கு இவ்வரிசையை மாற்றும் உரிமை இல்லை. எழுதியவர் வைத்த வரிசையிலேயே உறுப்புகளை வைக்கக் கடமைப்பட்டது அது. ஆகவே பெரியவற்றை முன்னும் சிறியவற்றைப் பின்னும் வைப்பது எழுதுவோர் பொறுப்பாகின்றது. நிரப்பிடமே வேண்டாம் என நெருக்கி அடுக்கும் வழியும் பல தொகுப்பிகளில் உண்டு. இடம் மிஞ்சும், ஆனால் எல்லை தவறிய அணுகலின் இடர்கள் அனைத்தும் திரும்பி வரும்.

அடுக்கும் தளையும்

ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது, திரும்பி வரவேண்டிய முகவரியும் அழைக்கப்பட்டதன் தற்காலிகத் தரவுகளும் அடுக்கில் வைக்கப்படுகின்றன. சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல, கடைசியில் வைத்தது முதலில் எடுக்கப்படும். ஒவ்வோர் அழைப்புக்கும் உரிய பகுதியைச் சட்டகம் எனலாம்.

அடுக்கில் நிற்கும் தரவுகளுக்கும் சீரமைவு வேண்டும். ஆனால் அழைக்கப்படும் செயற்கூறு, தன்னை அழைத்தது யார், அடுக்கு எந்நிலையில் உள்ளது என்பதை அறியாது. எனவே இருவரும் முன்கூட்டியே ஓர் உடன்படிக்கையைக் கொள்கின்றனர். லினக்ஸ் இயங்கும் 64 பிட் இன்டெல் வகைப் பொறிகளில், அழைக்கும் கணத்தில் அடுக்கின் முனை 16-ஆல் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. ரிஸ்க்-ஃபைவ் பொறிகளின் பொதுவழக்கிலும் இதே 16 பைட்டு எல்லை பேணப்படுகின்றது.

இன்டெல் வகையில் நிகழ்வதைப் படிப்படியாகக் காண்போம். அழைப்புக் கட்டளை எட்டு பைட்டுத் திரும்பு முகவரியை அடுக்கில் இடுகின்றது. எல்லை எட்டு பைட்டு பிசகுகின்றது. உள்ளே நுழைந்த செயற்கூறு பொதுவாக முந்தைய சட்டகத்தின் எட்டு பைட்டுக் குறியை இடுகின்றது. எல்லை மீண்டும் 16-க்கு வருகின்றது. பின்னர்த் தன் தரவுக்கு 20 பைட்டு தேவையெனில், தொகுப்பி 32 பைட்டு ஒதுக்குகின்றது. அந்தப் பன்னிரண்டும் அடுத்த அழைப்பின் எல்லையைக் காப்பதற்கே.

யாப்பில் தளை செய்யும் பணியும் இத்தகையதே. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் எவ்வாறு கூட வேண்டும் என்பதே தளை. வெண்பாவில் மாச்சீருக்கு முன் நிரையசையும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் முன் நேரசையும் வரவேண்டும். வரும் சீர் யாதாயினும் ஆகுக. கூடும் இடத்தின் விதி மட்டும் மாறாது. அது தவறினால் வெண்பாவின் செப்பலோசை கெடும். அடுக்கின் எல்லை தவறினாலோ, 16 பைட்டுகளை ஒருசேர எடுக்கும் சில கட்டளைகள் நிரலை அந்தக் கணமே நிறுத்திவிடும். பிழை செய்த செயற்கூறு ஓரிடத்தில் இருக்க, நிரல் வீழ்வது வேறோரிடத்தில். தளை தட்டிய இடத்தைத் தேடும் மாணவரைப் போல நிரலாளரும் பின்னோக்கி நடக்க வேண்டியவராகின்றார்.

தமிழெழுத்தின் எல்லை

இதுவரை கூறியவை எண்களைப் பற்றியன. எழுத்துகளின் நிலை என்ன? ஒரு பைட்டுத் தரவுக்குச் சீரமைவுக் கட்டுப்பாடு இல்லை என்று முன்னர்க் கண்டோம். எழுத்துச் சரங்கள் பெரும்பாலும் பைட்டு வரிசையாகவே வைக்கப்படுகின்றன. ஆதலின் அவற்றின் உள்ளே எங்கே எழுத்து முடிகின்றது என்பதைத் தொகுப்பி பார்ப்பதில்லை. எண்ணின் எல்லையைக் காக்கும் காவலன், எழுத்தின் எல்லையில் கண்ணை மூடிக்கொள்கின்றான்.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்குவதால் அவர்களுக்கு இதனால் இழப்பு மிகுதியில்லை. தமிழின் நிலை வேறு. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. நம் 247 எழுத்துகளும் அதில் தனித்தனியே இடம்பெறவில்லை. அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்பட்டன. யூடிஎஃப்-8 முறையில் இக்குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு.

காஞ்சிபுரம் என்பது இலக்கணப்படி ஆறு எழுத்து. குறியீடுகளாக எண்ணினால் பதினொன்று. யூடிஎஃப்-8 முறையில் 33 பைட்டு. இப்பெயருக்கு 32 பைட்டுப் பெட்டியை ஒதுக்கினால் பத்துக் குறியீடுகள் முழுமையாக அமரும். பதினொன்றாவதாகிய புள்ளியின் மூன்று பைட்டுகளில் ஒன்று வெளியே தள்ளப்படும். மகரம் புள்ளியிழந்து நிற்க, அதனருகே பொருளற்ற ஒரு குறி தோன்றும்.

அப்துல் ரஹ்மான் என்னும் பெயரைக் கொள்வோம். இடைவெளியுடன் 43 பைட்டு. எழுத்துகளுக்கு 40 பைட்டு மட்டும் ஒதுக்கியிருப்பின், னகரம் வரையிலான 40 பைட்டும் பிழையின்றி நிறையும். புள்ளி மட்டும் விடுபடும். இங்கே உடைந்த குறி எதுவும் தோன்றாது, எச்சரிக்கையும் வராது. அளவற்ற அருளாளனின் அடிமை எனப் பொருள்படும் அப்பெயர் 'அப்துல் ரஹ்மான' என நிற்கும். சான்றிதழில் ஒருவாறும் பதிவேட்டில் வேறொருவாறும் பெயர் இருந்தால் அதற்குரியவர் எத்தனை அலுவலகப் படிகளை ஏறவேண்டும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

32, 40 ஆகிய இரண்டும் 8-ஆல் வகுபடும் எண்கள் என்பது கருதத்தக்கது. பொறியின் சீரமைவுக்கு அவை மிகப் பொருத்தமானவை. பொறிக்குச் சீராக அமைந்த எல்லை மொழிக்குச் சீராக அமைய வேண்டும் என்பதில்லை. இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

இச்சிக்கலுக்கு மாற்றாக, ஒவ்வோர் எழுத்துக்கும் 16 பிட், அதாவது இரண்டு பைட்டு இருக்கை அளிக்கும் டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர முறையாகவும், அது இயலாத இடங்களில் டேஸ்-16 முறையை மாற்றாகவும் ஏற்றது. இம்முறையில் காஞ்சிபுரம் 12 பைட்டில் அடங்கும்; ஒவ்வோர் எழுத்தும் இரட்டைப்படை முகவரியில் நிற்கும். சீரமைவு நோக்கில் நேர்த்தியான திட்டமே. ஆயினும் உலகெங்கும் வழக்கில் நிலைபெற்றது யூனிகோடுதான். ஆகவே அதனுள் நின்றே நம் எழுத்தைக் காக்க வேண்டியவர்களாயுள்ளோம்.

செய்யத்தக்கன

முதலாவதாக, பெயருக்கு இடம் ஒதுக்குவோர் எழுத்தெண்ணிக்கையை நம்பாமல் பைட்டு அளவைக் கணக்கிட வேண்டும். ஓர் உயிர்மெய்க்கு ஆறு பைட்டு எனக் கொண்டு பெட்டியை அமைப்பது பாதுகாப்பானது.

இரண்டாவதாக, வெட்டியே ஆகவேண்டிய நிலையில் பைட்டு எல்லையில் வெட்டாமல் எழுத்தெல்லைக்குப் பின்வாங்கி வெட்ட வேண்டும். இது கடினமன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறியீட்டின் முதற்பைட்டையும் தொடர்பைட்டையும் அவற்றின் தொடக்கப் பிட்டுகளைக் கொண்டே வேறுபடுத்தலாம். அதற்கு மேலும் ஒரு படி வேண்டும். அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ ஆயின், அதற்கு முன்னுள்ள மெய்யையும் சேர்த்தே விட்டுவிட வேண்டும். உயிரும் மெய்யும் கூடியது ஓரெழுத்து என்பதைப் பொறிக்குக் கற்பிக்கும் இடம் இதுவே.

மூன்றாவதாக, ஐயத்துக்குரியவற்றை முடிவு செய்ய வேண்டும். க்ஷ என்பது மூன்று குறியீடுகளால் ஆனது. கண்ணுக்கு ஒரே வடிவம். அதனை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா? அரபுப் பெயர்களைத் தமிழில் எழுதும் நம்மவர்க்கு இத்தகைய வினாக்கள் புதியனவல்ல. சொல்லின் ஈற்றில் றகர ஒற்று நில்லாது என்பது தமிழ் மரபு. அதற்கேற்ப உகரம் பெற்று நிற்பதே சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் பெயர். வேற்றுமொழிச் சொல் தமிழின் எல்லைக்குள் எவ்வாறு அமர வேண்டும் என்பதை நம் முன்னோர் ஆய்ந்து வகுத்துள்ளனர். இன்று அதே பணி நினைவகத்தின் எல்லையில் காத்திருக்கின்றது.

முடிவுரை

எண்கள் தமக்குரிய முகவரியில் அமர்வதற்காகத் தொகுப்பி இடம் விடுகின்றது. அடுத்த பதிவுக்காகவும் அடுத்த அழைப்புக்காகவும் விடப்படும் அவ்விடத்தை வீணென்று கொள்ளலாகாது. ஆனால் அதன் அறிவு எண்ணோடு நின்றுவிடுகின்றது. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அதற்குச் சொல்லித் தர எழுத்திலக்கணம் கற்றவர் வேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்களும் கணிப்பொறித் துறை மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தம் கல்லூரிப் பெயர்ப்பட்டியலையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். எப்பெயர் எத்தனை பைட்டு, எந்தப் பெட்டியில் எது புள்ளியிழக்கும் என்று பட்டியலிடலாம். ஒருவர் இலக்கணம் சொல்ல, மற்றவர் நிரல் எழுத, பிள்ளைகளின் பெயர்கள் பெற்றோர் இட்டவாறே ஏட்டில் நிற்கும். ஒரு புள்ளியைக் காப்பதும் தமிழ்ப்பணியே.